முட்டு வருத்தமும் ஆயுளும்: ஊதும் கருவிக்கு முன்னால் கேட்ட கேள்விகள்

கொழும்பில் ஒரு மார்பு நோய் கிளினிக்கில் 19 வருடங்கள், ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமீற்றர் கருவியோடு வேலை செய்தவன் நான். "நல்லா மூச்சை இழுங்க, இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன நாட்கள் உண்டு. வெளியே நிற்கும் வரிசையை நினைத்து டொக்டரிடம் கேட்காமல் விழுங்கிய கேள்விகளைப் பலர் என்னிடம் கேட்பார்கள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, வெள்ளவத்தை, தெமட்டகொட என்று எங்கிருந்து வந்தவரானாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும்: "இந்த வருத்தத்தோட எவ்வளவு காலம் இருப்பன்?" வருத்தம் என்பது முட்டு, அதாவது ஆஸ்துமா.

நான் டொக்டர் இல்லை. உங்கள் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் வேலை. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு நிதானமான பதில் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் ஆயுள் குறையுமா?

"ஆஸ்துமா" என்ற பெயரை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே காலையில் இரண்டு பேர் வந்து ஊதுவார்கள். இரண்டு பேரின் துண்டிலும் ஆஸ்துமா என்றே எழுதியிருக்கும். ஒருவரின் நுரையீரல் அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் சரியான அளவில் இருக்கும். சிகரெட் தொட்டதில்லை, இழுப்பு வராமல் தடுக்கும் பம்ப்பை, அதாவது தடுப்பு மருந்தை, ஒழுங்காக இழுக்கிறார். அவர் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே வாழ்ந்து முடிப்பார். மற்றவருக்குப் பாதிதான் மிஞ்சியிருக்கும், சட்டைப்பையில் சிகரெட் பெட்டி வேறு. அவரைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. வருத்தத்தின் பெயரைவிட, நுரையீரலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அது எந்த வேகத்தில் இறங்குகிறது என்ற இரண்டையும் கேளுங்கள்.

அந்த "எவ்வளவு" என்பதை எப்படி அளக்கிறீர்கள்?

முழு மூச்சையும் இழுத்து, முடிந்த வேகத்தில் ஊதுகிறீர்கள். முதல் ஒரு செக்கனில் எத்தனை லீற்றர் காற்று வெளியே வந்தது என்பதைக் கருவி குறித்துக்கொள்ளும். இதுதான் எஃப்.ஈ.வி.1. கடைசிவரை ஊதிய மொத்தக் காற்று எஃப்.வி.சி. மூச்சுக்குழாய் சுருங்கி வீங்கியிருந்தால் மொத்தம் அதிகம் குறையாமல் முதல் செக்கன் மட்டும் குறையும். வாய் ஒடுங்கிய போத்தலைக் கவிழ்த்தது போல. உள்ளே தண்ணீர் இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் வருகிறது.

இந்தக் கருவியை 1840களில் லண்டனில் உருவாக்கியவர் ஜோன் ஹட்சின்சன் என்ற வைத்தியர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்து, 1846இல் அதை வெளியிட்டார். ஆயுள் காப்புறுதிக்காரர்களுக்கு இந்த அளவு உதவும் என்று அப்போதே எழுதினார். அதாவது மூச்சின் அளவும் ஆயுளும் சேர்ந்து போகின்றன என்ற எண்ணத்துக்குக் கிட்டத்தட்ட 180 வயது.

அது வெறும் எண்ணமா, யாராவது சரிபார்த்திருக்கிறார்களா?

சரிபார்த்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் ரென்ஃப்ரூ, பெய்ஸ்லி என்ற இரண்டு நகரங்களில் 45 முதல் 64 வயதுவரையான 15,000க்கும் மேற்பட்ட ஆண் பெண்களை ஊதவைத்து, பிறகு பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். 1996இல் முடிவு வெளியானது. எல்லோரையும் எஃப்.ஈ.வி.1 அளவின்படி ஐந்து கூட்டமாகப் பிரித்தால், மிகக் குறைந்த கூட்டத்தில் இருந்தவர்கள் இறக்கும் சாத்தியம் மிக உயர்ந்த கூட்டத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வாழ்நாளில் புகைக்காதவர்களிடமும் இந்தத் தொடர்பு தெரிந்தது.

அவர்கள் எல்லோரும் மூச்சுத் திணறி இறக்கவில்லை என்பது முக்கியம். மாரடைப்பாலும் இறந்தார்கள். ஏன்? நுரையீரல் அளவு குறைந்திருப்பதற்குப் பின்னால் பல கதைகள் இருக்கும்: பிறந்தபோது நிறை குறைவு, சிறுவயதில் திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி, வறுமை, புகை, பழைய காசநோய். இவை இதயத்தையும் விட்டுவைப்பதில்லை. அதோடு, நிமோனியா வரும்போதும் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகும் தாக்குப்பிடிக்க உடம்புக்கு மூச்சில் கொஞ்சம் கைவசம் வேண்டும். மூன்று லீற்றர் உள்ளவர் ஒரு லீற்றரை இழந்தால் சமாளிப்பார். ஒன்றரை லீற்றர் உள்ளவரிடம் இழக்க என்ன இருக்கிறது?

ஆனால் இது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. உங்கள் எண்ணைப் பார்த்து "இத்தனை வருடம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 40 சதவீதத்தோடு வந்து, பேரப்பிள்ளையின் கல்யாணப் பலகாரத்தோடு திரும்ப வந்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்துமாவால் அந்த அளவு வேகமாக இறங்குமா?

எல்லோருக்கும் இறங்கும். இருபது, இருபத்தைந்து வயதுவரை நுரையீரல் வளர்ந்து உச்சத்துக்குப் போகிறது. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குறைகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் 17,506 பேரை 15 வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு 1998இல் வெளியானது. ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு முதல் செக்கன் காற்று வருடத்துக்கு 22 மில்லிலீற்றர் குறைந்தது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு 38. வித்தியாசம் 16 மில்லிலீற்றர். ஒரு பெரிய மேசைக்கரண்டி அளவு. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். முப்பது வருடத்தால் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அரை லீற்றர்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு என் மனதில் அப்படியே பதிந்திருக்கிறது. 175 சென்ரிமீற்றர் உயரம், 60 வயது ஆண். புகைக்காதவர், ஆஸ்துமாவும் இல்லாதவர் என்றால் சராசரியாக 3.05 லீற்றர். புகைப்பவர், ஆஸ்துமாவும் உண்டு என்றால் 1.99. ஒரு லீற்றருக்கு மேல் போய்விட்டது. பஸ் ஸ்ராண்டிலிருந்து வீட்டுக்கு நடப்பதா, த்ரீவீலர் பிடிப்பதா என்பதை அந்த ஒரு லீற்றர்தான் தீர்மானிக்கும்.

இறங்குவதற்குக் காரணம், மூச்சுக்குழாயின் உட்சுவரில் வருடக்கணக்காக இருக்கும் அழற்சி. புண் ஆறி ஆறித் தழும்பு தடிப்பது போல அந்தச் சுவர் தடித்துவிடுகிறது. பிறகு பம்ப் அடித்தாலும் முழுதாக விரியாது. கோபன்ஹேகன் எண்கள் சராசரிதான் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆஸ்துமா உள்ள பலருக்குச் சாதாரண வேகத்தில்தான் இறங்குகிறது.

மகனுக்கு ஏழு வயது. வளர வளரப் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பலருக்குப் போகிறது. ஆனால் அதை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் தவறு. நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் ஒரே காலத்தில் பிறந்த பிள்ளைகளை 26 வயதுவரை பின்தொடர்ந்தபோது, நான்கு பேரில் ஒருவருக்கு மேல் இழுப்பு விடாமல் தொடர்ந்தது, அல்லது போய்விட்டுத் திரும்ப வந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. சிறுவயதிலிருந்தே விடாத ஆஸ்துமா உள்ள 684 பேரை இளம் வயதுவரை அளந்தார்கள். கால்வாசிப் பேருக்குத்தான் நுரையீரல் ஒழுங்காக வளர்ந்து, காலத்துக்கு முன் இறங்காமல் இருந்தது. 11 சதவீதத்தினர் இருபதுகளிலேயே நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்க்குரிய அளவுக்கு வந்திருந்தார்கள். வாழ்க்கை முழுவதும் புகைத்த அறுபது வயதுக்காரரிடம் நாங்கள் பார்க்கும் அளவு அது.

அதனால் பிள்ளைக்கு இழுப்பு நின்றாலும் வருடத்துக்கு ஒரு தடவை ஊதவைத்துப் பாருங்கள். ஐந்தாறு வயதுக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகள் ஊதுவார்கள். பிறந்தநாள் மெழுகுதிரி என்று சொன்னால் பெரியவர்களைவிட நன்றாகவே ஊதுவார்கள். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் கிளினிக் இருக்கிறது. வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது. பல்கனியில் நின்று புகைத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்குவதும் வேண்டாம்.

எனக்கு மூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் ஊத வேண்டும்?

மெதுவாக இறங்கினால் உடம்பு பழகிவிடும் என்பதால்தான். புறக்கோட்டையில் கடை வைத்திருந்த ஓர் ஐயா மகளின் தொல்லை தாங்காமல் வந்தார். "எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி" என்றார். ஊதியபோது எதிர்பார்த்ததில் 52 சதவீதம். பேசிப் பார்த்தால், கடையின் மேல்மாடிக்கு அவர் ஏறி நான்கு வருடமாகிறது, சாமான் எடுக்கப் பையனை அனுப்புகிறார். பெரிய பள்ளிவாசல் பக்கம் நடந்து போவதையும் விட்டுவிட்டார். மூச்சு வாங்கும் எதையும் அவர் செய்வதில்லை, அதனால் அவருக்கு மூச்சு வாங்குவதில்லை. முதல் செக்கன் அளவு 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பதே, வேறு தொல்லை இல்லாவிட்டாலும், பெரிய இழுப்பு வருவதற்கான ஓர் எச்சரிக்கை என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டியான ஜீனா சொல்கிறது.

இழுப்பு வரும்போது நீலப் பம்ப் அடிக்கிறேன், சரியாகிவிடுகிறது. அது போதாதா?

போதாது. இந்த ஒரு பதிலுக்காகவே இதை எழுதத் தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீலப் பம்ப் சல்பியூட்டமோல். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சில மணிநேரம் தளர்த்தும். உள்ளே உள்ள அழற்சியைத் தொடவே தொடாது. கூரை ஒழுகும்போது வாளி வைப்பது போல. தரை காயும், மரம் உக்கிக்கொண்டே இருக்கும். கூரையைத் திருத்துவது இழுக்கும் ஸ்டெரொய்ட் என்ற தடுப்பு மருந்து, அதாவது மண்ணிறப் பம்ப் அல்லது அதே வகை மருந்தைக் கருவியில் போட்டு இழுக்கும் கப்சூல்.

உயிரைப் பற்றிய நேரடியான சான்று கனடாவின் சஸ்கற்சுவான் மாநிலத்திலிருந்து வந்தது. ஆஸ்துமா மருந்து எடுத்த 5 முதல் 44 வயதுவரையான முப்பதாயிரம் பேரின் பதிவுகளைப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முந்திய வருடத்தில் பாவித்த ஒவ்வொரு மேலதிக இழுக்கும் ஸ்டெரொய்ட் பம்புக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் வீதம் 21 சதவீதம் குறைந்தது. அதை நிறுத்திய முதல் மூன்று மாதங்களில், தொடர்ந்து பாவித்தவர்களைவிட மரணம் அதிகம்.

மறுபக்கம் பிரித்தானியாவிலிருந்து. ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து 2014இல் அறிக்கை தந்தார்கள். நீலப் பம்ப் எழுதிக்கொடுக்கப்பட்டு, விவரமும் கிடைத்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு ஒரு வருடத்தில் 12க்கும் மேற்பட்ட பம்ப் கொடுக்கப்பட்டிருந்தது. கிட்டத்தட்டப் பாதிப்பேர் வைத்திய உதவி கேட்காமலே, அல்லது உதவி வந்து சேருமுன்பே இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் "கடும் ஆஸ்துமா" என்று கணிக்கப்பட்டவர்களும் இல்லை, லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெற்றவர்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2019இல் ஜீனா தன் வழிகாட்டலை மாற்றியது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீலப் பம்ப் மட்டும் போதும் என்ற சிகிச்சை இனி வேண்டாம், எவ்வளவு லேசானதாக இருந்தாலும் இழுக்கும் ஸ்டெரொய்ட் சேர வேண்டும் என்றது. வருடத்தில் மூன்று பம்ப்போ அதற்கு மேலோ முடிந்தால் பெரிய இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது, பன்னிரண்டு என்றால் மரண ஆபத்தே கூடுகிறது. சல்பியூட்டமோல் குளிசையை மட்டும் பாமசியில் துண்டில்லாமல் வாங்கிக் காலம் கடத்துபவர்களுக்கும் இதே நிலைதான். குளிசையும் அழற்சியைத் தொடாது, கை நடுக்கமும் படபடப்பும்தான் கூட வரும்.

ஸ்டெரொய்ட் என்றாலே பயம். பம்ப் பழகிவிடும், பிறகு விட முடியாது என்கிறார்களே?

பம்ப் போதைபோலப் பழகாது. வருத்தம் நீண்டது, அதனால் மருந்தும் நீண்டது. பிரஷர் குளிசையை யாரும் "பழகிவிடும்" என்று சொல்வதில்லை.

அளவைப் பாருங்கள். குறைந்த அளவு இழுக்கும் மருந்து ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். பெரிய இழுப்பு வந்து வார்ட்டில் படுத்தால் தரும் பிரெட்னிசலோன் குளிசை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். குறைந்தது நூறு மடங்கு. அதுவும் உடம்பு முழுவதும் போகிறது. எலும்பு தேய்வது, சீனி கூடுவது, கண்ணில் வெண்புரை எல்லாம் பெரும்பாலும் இப்படித் திரும்பத் திரும்ப எடுக்கும் குளிசையால் வருபவை. ஸ்டெரொய்ட்டுக்குப் பயந்து பம்ப்பை விடுபவர்தான் கடைசியில் அதிக ஸ்டெரொய்ட் சாப்பிடுகிறார். பம்ப்பால் தொண்டை கம்முவதும் வாயில் வெண்படை வருவதும் உண்டு. இழுத்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

பம்ப் மருந்தை நிதானமாக இழுக்க உதவும் குழல் போன்ற ஸ்பேசரை வாங்க வசதி இல்லையென்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்ப் இறுக்கமாக நுழையுமளவு துளை போட்டுப் பாவிக்கலாம். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்து, கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு அது குறையவில்லை என்று கண்டார்கள்.

முப்பது வருடம் புகைத்துவிட்டேன். இனி நிறுத்தி என்ன?

போனது பெரும்பாலும் திரும்பாது. இறங்கும் வேகம் மாறும். அமெரிக்காவிலும் கனடாவிலும் லேசான சுவாச அடைப்பு உள்ள புகைப்பவர்களை 11 வருடம் பின்தொடர்ந்தார்கள். தொடர்ந்து புகைத்த ஆண்கள் வருடத்துக்கு 66 மில்லிலீற்றர் இழந்தார்கள். ஆரம்பத்திலேயே நிறுத்தியவர்கள் 30. இன்று நிறுத்துங்கள். பீடிக்கும் இதே கணக்குத்தான்.

கொழும்புக் காற்றுதான் காரணம் என்கிறார்கள். ஊரை விட்டுப் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. கொழும்பில் காற்று பொதுவாக நவம்பர் முதல் பெப்ரவரிவரை மோசம். வடகிழக்குக் காற்று இந்தியப் பக்கத்திலிருந்து தூசியையும் புகையையும் சேர்த்துக் கொண்டுவரும். 2022 டிசம்பரில் காற்று கெட்டுப் பாடசாலைகளுக்கே விடுமுறை விட்டார்கள், நினைவிருக்கும். அந்த மாதங்களில் காலை நெரிசல் நேரத்தில் காலி வீதியோரம் நடைப்பயிற்சி வேண்டாம். தடுப்பு மருந்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

வெளிக் காற்றைவிட வீட்டுக் காற்றைப் பற்றித்தான் எனக்கு அதிக கவலை. 2022இல் காஸ் இல்லாமல் தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் விறகும் மண்ணெண்ணெயும் எரித்தோம். அந்தக் கையோடு பலர் விறகை விடவே இல்லை. சின்ன அறையில் நுளம்புச் சுருள் கொளுத்திக் கதவைச் சாத்திப் படுப்பது, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையில் பிள்ளையைக் காட்டுவது இரண்டையும் ஆஸ்துமா உள்ள வீட்டில் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். நுளம்பு வலை போதும். சாமிக்கு விளக்கு ஏற்றினால் போதும்.

ஆடாதோடைக் கஷாயம் குடிக்கலாமா?

சளிக்குப் பலருக்கு இதமாக இருக்கிறது. சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் குளிசையே அந்த இலையில் உள்ள பொருளிலிருந்து வளர்ந்ததுதான். குடியுங்கள், டொக்டரிடம் சொல்லிவிட்டு. பம்ப்புக்குப் பதிலாக வேண்டாம்.

குறைந்த அளவு திரும்ப ஏறுமா?

எது அழற்சி, எது தழும்பு என்பதைப் பொறுத்தது. பம்ப் அடித்து 15 நிமிடம் கழித்துத் திரும்ப ஊதச் சொல்வது அதற்காகத்தான். 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் ஏறினால் மீட்கக்கூடிய இடம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று மாதம் தடுப்பு மருந்து ஒழுங்காக எடுத்தபின் வந்து ஊதி, அரை லீற்றர் ஏறியவர்கள் உண்டு. நான் சொன்ன புறக்கோட்டை ஐயா 52இலிருந்து 68க்கு வந்தார். அதற்குமேல் ஏறவில்லை. ஆனால் அடுத்த ஆறு வருடமும் அங்கேயே நின்றது. மேல்மாடிக்கும் ஏறத் தொடங்கினார்.

மார்பு கிளினிக்குக்குப் போனால் டி.பி. என்று நினைப்பார்களே?

இந்தக் கேள்வியைப் பெண்பிள்ளைகளின் அம்மாக்கள்தான் அதிகம் கேட்பார்கள், குரலைத் தாழ்த்தி. அரசாங்க மார்பு கிளினிக்குகள் காசநோயையும் ஆஸ்துமாவையும் சேர்த்தே பார்க்கின்றன, அது உண்மை. அங்கே வரிசையில் நிற்பவர்களில் பலர் உங்களைப் போல இழுப்புக்காக வந்தவர்கள். மருந்தும் பரிசோதனையும் இலவசம். கடுமையானவர்களை வெலிசறை சுவாச நோய் தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று நான்கு வருடம் பிள்ளையைக் கொண்டுவராத ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஊதிய காகிதத்தைப் பார்த்து அம்மா அழுததும் எனக்கு மறக்காது.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலமாக மாறினால், பம்ப் அடித்தும் கொஞ்ச நேரத்தில் திரும்ப இழுப்பு வந்தால் உடனே 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்பேசர் வழியாக நீல மருந்தை 4 முதல் 10 தடவை, ஒவ்வொன்றாக. இருபது நிமிடத்தில் திரும்பவும் எடுக்கலாம். இரவு நேரம், அயலவரை எழுப்பக் கூச்சம் என்று விடிய விடியக் காத்திருக்காதீர்கள்.

ஊதிய காகிதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

எஃப்.ஈ.வி.1 எத்தனை லீற்றர், எதிர்பார்த்ததில் எத்தனை சதவீதம், பம்ப் அடித்தபின் எவ்வளவு, இந்த மூன்றையும். கருவிக்குக் கருவி ஒப்பிடும் அட்டவணை வேறுபடலாம். ஆசிய உடம்புக்கென்று தனி அட்டவணை வைத்த கருவி உண்டு, 2022இல் வந்த எல்லோருக்கும் பொதுவான அட்டவணையைப் பாவிப்பதும் உண்டு. அதனால் ஒரே ஆளுக்கே சதவீதம் மாறலாம். போன வருடத்தோடு ஒப்பிட லீற்றரைப் பாருங்கள், அட்டவணை மாறினாலும் அது மாறாது. ஊதவரும் அன்று காலை நான்கு மணிநேரத்துக்குள் நீலப் பம்ப் அடிக்காமல் வருவது நல்லது, ஆனால் இழுப்பு வந்தால் அடியுங்கள், வந்து சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அன்ரி ஒருவர் 14 வருடக் காகிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். புது டொக்டர் அதைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் முதல் ஐந்தாறு காகிதங்கள் வெறும் வெள்ளையாக இருந்தன. எங்கள் கருவி அச்சடிப்பது சூட்டில் கறுக்கும் தாளில், கொஞ்ச வருடத்தில் எழுத்து மங்கிவிடும். ஊதிய அன்றே ஒரு போட்டோக்கொப்பி எடுத்து, மேலே திகதியை எழுதி வையுங்கள்.